எங்கள் வாசலில் வேப்பிலை

போன வாரம் அவர் நாகப்பட்டினம் போய்த் திரும்பும்போது ஒரு தகர டப்பா வாங்கி வந்தார். மேலே அன்னாசிப்பழப் படம் போட்டிருந்தது. அதைச் சுத்தியலும் கத்தியும் கொண்டு திறக்க அவர் பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும். கடைசியில் மூடி கிழிந்தது. சர்க்கரைப் பாகின் வாசனையும் பழத்தின் வாசனையும் கூடம் முழுக்கப் பரவின. குழந்தைகள் இருவரும் கிண்ணத்தோடு ஓடி வந்தார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். "ஏன், உனக்கு வேண்டாமா?" என்று பின்னாலிருந்து அவர் கேட்டார். கேட்டு முடித்த பிறகுதான் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மறுபடி கூப்பிடவில்லை. குழந்தைகள் தின்று தீர்த்தார்கள். நாங்கள் இருவரும் தொடவில்லை.

அன்னாசியின் வாசனை என்றால் உங்களுக்கு ஒரு பழம்தான் நினைவுக்கு வரும். எனக்கு ஒரு தெருவே வந்துவிடும். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டி அன்னாசிப்பழத்தைச் சீவி டப்பாவில் அடைக்கும் கொட்டகைகள் இருந்தன. சீவிய தோலை வெளியே மலைபோலக் குவித்துவிடுவார்கள். வெயிலில் அது புளித்து நுரைக்கும். மாடு வைத்திருப்பவர்கள் கூடை கூடையாக அள்ளிக்கொண்டு போவார்கள். அந்தப் புளிப்போடு எருமைத் தொழுவங்களின் நாற்றம், சுண்ணாம்புச் சூளையின் புகை எல்லாம் சேர்ந்துகொள்ளும். நாங்கள் இருந்த இடத்துக்கே சுண்ணாம்புக் கம்பம் என்றுதான் பெயர்; கம்பம் என்றால் அங்கே கிராமம். முதல் மாதம் முழுவதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே பாடம் நடத்தினேன். பிள்ளைகள் அதைப் பார்த்து, பாடம் படிக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வதுதான் முறை என்று நினைத்து, தாங்களும் பொத்திக்கொண்டு அ, ஆ சொன்னார்கள்.

நாங்கள் அங்கே பிழைக்கப் போகவில்லை. எங்கள் சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரில் கூலி வேலை செய்யும் நம் ஜனங்களின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கச் சம்பளமில்லாத ஊழியமாக யார் போவீர்கள் என்று கேட்டார்கள். அவர் கையைத் தூக்கினார். பெண்கள் பக்கத்திலிருந்து அதைப் பார்த்த நானும் தூக்கினேன். அப்போது எங்கள் மூத்தவள் ஞானம் கைக்குழந்தை. வீட்டுக்கு வந்து, தூக்கியது தப்போ என்று அழுதேன். "அப்ப வேண்டாம்னு சொல்லிடட்டுமா?" என்றார். அதற்கும் அழுதேன். நான் அப்படிப்பட்டவள். எதைச் செய்தாலும் செய்த பிறகு உட்கார்ந்து யோசிப்பவள்.

இரண்டு வருஷம் பகலில் நான் பெண் பிள்ளைகளுக்கும், சாயங்காலம் அவர் சாலை போடும் ஆட்களுக்கும் ஒரே கொட்டகையில் பாடம் சொன்னோம். கொட்டகைக்குப் பக்கத்தில் ஓலைக் கூரை வேய்ந்த வீடுகள் ஒரு வரிசை. ஒன்றில் நாங்கள். அடுத்ததில் அஞ்சலை. அவள் புருஷன் துறைமுகத்தில் மூட்டை சரிந்து செத்துப்போனவன். அவளுக்கு இரண்டு மாடுகளும் வள்ளி என்ற எட்டு வயது மகளும்தான். வீட்டுக்குப் பின்னால் தொழுவம். பால் விற்றுத்தான் இரண்டு பேருக்கும் சோறு. ஞானம் குடித்ததும் அந்தப் பால்தான். நான் அதை ஒரு தடவை காய்ச்சி, ஆற வைத்து, சந்தேகம் வந்து மறுபடி காய்ச்சுவேன். அஞ்சலை எட்டிப் பார்த்து, "வாத்தியாரம்மா, இன்னுங் கொஞ்சம் காய்ச்சினா சட்டிதான் மிஞ்சும்" என்பாள்.

நான் எதற்கெடுத்தாலும் பயந்துகொண்டிருந்தது அந்த வட்டாரத்துக்கே தெரியும். முனையில் மளிகைக் கடை வைத்திருந்த மரைக்காயர் நாகூர்க்காரர். நான் பருப்பைத் தாம்பாளத்தில் பரப்பிப் பூச்சி பார்ப்பதைக் கண்டு, "தங்கச்சி, பூச்சியை நீங்க எடுத்துக்கிட்டு பருப்பை எனக்கே குடுத்துடுறீங்களா?" என்று கேட்டவர்.

பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுத்த பிள்ளைகள் பலர். வருகிறவர்கள் சிலர். தினமும் வந்தவள் வள்ளி ஒருத்திதான். கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். கேள்வி கேட்பாள். ஞானத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே எழுதுவாள். ஞானம் அவள் சடையைப் பிடித்து இழுத்தால், "குட்டி வாத்தியாரம்மா அடிக்கிறாக, நான் படிச்சிர்றேன்" என்று உரக்கப் படிப்பாள்.

ஊருக்குத் திரும்பும் காலம் வந்தது. அடுத்த வாரக் கப்பலில் இடம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தை மூடினோம். பிள்ளைகளுக்குப் பொரியும் சர்க்கரையும் கொடுத்தோம். அன்று அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "ரெண்டு வருஷம் ஊழியம் பார்த்தாச்சு. இந்த ஒரு வாரம் ஊரைப் பார்ப்போம்" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது. உடனே, ஊழியத்துக்கு வந்த இடத்தில் சந்தோஷப்படலாமா என்றும் இருந்தது.

ஆனாலும் பார்த்தோம். மின்சார டிராமில் ஏறிக் கடைசி வரைக்கும் போய், அதிலேயே திரும்பி வந்தோம். கப்பல்துறையில் நின்று எது எங்கள் கப்பல் என்று இல்லாத கப்பலைத் தேடினோம். டோபி காட் என்ற வண்ணார் துறையில் புல்தரை முழுக்கத் துணி காய்ந்ததைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். கல்யாணமானதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரு வேலையுமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஞானம் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி அவர் காதில் செருகினாள். அவர் தலையை ஆட்டாமல் இருந்தார்.

மறுநாள் காத்தோங் கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. கிளம்பும்போது வள்ளி வந்து, "நானும் வரட்டா?" என்றாள். கப்பலில் வந்து இறங்கிய பிறகு அவள் கடலையே பார்க்கவில்லையாம். அஞ்சலை உள்ளிருந்து, "காலையில இருந்து இடுப்பு வலிக்குதுன்னு படுத்துக் கெடந்தே. கடல்னதும் எந்திருச்சிட்டியா?" என்றாள். வள்ளி ஞானத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

காத்தோங்கில் தென்னை மரங்கள் கடல் வரைக்கும் வந்து நிற்கும். வள்ளி முழங்கால் தண்ணீரில் நின்று, "இதுக்கு அந்தாண்டதானே நம்ம ஊரு?" என்று கைகாட்டினாள்.

அவருக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். "இல்ல. நம்ம ஊர் அந்தப் பக்கம். உனக்குப் பின்னால."

வள்ளி திரும்பித் தென்னந்தோப்பைப் பார்த்தாள். "அப்ப நாம தப்பான கடலுக்கு வந்துட்டமா?"

அவர் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டார். நானும் சிரித்தேன். பின்பு வள்ளி ஒரு தேங்காய்த் தொட்டி நிறைய ஈர மணலை அள்ளிக்கொண்டாள். பால் சொம்பைத் துலக்க அம்மாவுக்காம். கொண்டுபோன சோற்றை அவள் தொடவில்லை. திரும்பும் வழியில் டிராமில் என் தோளில் சாய்ந்தாள். உடம்பு சுட்டது. வெயிலில் ஆடியது என்று நினைத்தேன். ஞானம் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் பயப்படத் தெரியாதவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அன்று மட்டும் பயப்படவில்லை.

அடுத்த இரண்டு நாளும் வள்ளி கண்ணில் படவில்லை. கேட்டால், "அசந்து தூங்குறா" என்றாள் அஞ்சலை. அதற்குள் எனக்கு வேறு கவலை வந்துவிட்டது. ஞானத்துக்குக் காய்ச்சல். கழுத்திலும் முதுகிலும் பொடிப்பொடியாகச் சிவந்திருந்தது. அம்மை வராமலிருக்கக் குத்தும் அம்மைப்பாலை அவளுக்குக் குத்தவில்லை. குத்தினால் காய்ச்சல் வருமே என்று தள்ளிப்போட்டு, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

அஞ்சலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வேர்க்குரு மாதிரிதானே இருக்கு?"

அவள் குழந்தையைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். வழக்கமாகத் தொட்டுத் தூக்குகிறவள். பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்திருப்பா."

"எங்க வீட்டுக்கா?"

"வேதக்காரவுக வீடுன்னு அவ பாத்துட்டா வர்றா? எல்லா வீடும் அவ வீடுதான்."

கொஞ்ச நேரத்தில் காளி கோயில் வேம்பிலிருந்து இரண்டு கொத்து ஒடித்துவந்து எங்கள் நிலையில் செருகினாள். அவர் தடுக்கப் போனார். "வேர்க்குருவாவே இருக்கட்டும் வாத்தியாரய்யா. ஆத்தா பேர்ல ரெண்டு எலை கட்டுனா குத்தமா?" என்றாள். அவள் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அண்டை வீட்டுக்காரி அன்பாகச் செய்வதை என்ன சொல்லித் தடுப்பது என்று அவரும் விட்டுவிட்டார்.

நம் ஊரில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும். யாரும் உள்ளே வர மாட்டார்கள். அந்த வீட்டுக்காரர்களும் தண்ணீர் ஊற்றி முடியும் வரைக்கும் வெளியே போக மாட்டார்கள், யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். சிங்கப்பூரில் அதற்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. சுகாதார அதிகாரிகள் வேப்பிலையைத் தேடித் தெருத்தெருவாக வருவார்கள். அம்மை என்று தெரிந்தால் நோயாளியை மூடுவண்டியில் ஏற்றித் தனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அது சட்டம். ஊரில் நோய் பரவாமல் இருக்க வேறு வழி என்ன என்று அவரே சாயங்கால வகுப்பில் ஆட்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் போன குழந்தைகள் திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் எங்கள் வரிசையில் யாரும் இல்லை.

மறுநாள் காலை வண்டி வந்தது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், தமிழ் பேசும் பியூன் ஒருவன். பியூன் நிலையைப் பார்த்து, "வீட்டுல யாருக்கும்மா?" என்றான்.

அதிகாரி ஞானத்தின் சட்டையை விலக்கினார். நெற்றியைத் தொட்டார். இரண்டு புஜத்தையும் திருப்பிப் பார்த்தார். அம்மைப்பால் குத்திய தழும்பு இல்லை. என் வீட்டுக்காரரோ வெயில், வெயில் என்று ஒரே சொல்லைத்தான் இங்கிலீஷில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்கால வகுப்பில் இரண்டு வருஷமாக அந்தப் பாஷையையும் கற்பித்தவர்.

பியூன் சொன்னான்: "ஆஸ்பத்திரியில பெரிய டாக்டர் பார்ப்பாராம். அம்மை இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

"நானும் வரேன்."

"தாயிங்களுக்கு அங்க எடம் இல்லம்மா."

வண்டிக்குள்ளிருந்து யாரோ முனகும் சத்தம் கேட்டது. முந்தைய தெருவிலிருந்து ஏற்றி வந்த யாரோ. அம்மை இல்லாத என் குழந்தையை அந்த வண்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தப்போகிறார்கள். நான் ஞானத்தை இறுக்கிப் பிடித்தேன். அவள் வலியில் அழுதாள். பியூன் கை நீட்டினான். எனக்குத் தெரிந்த ஜெபம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

அப்போதுதான் தொழுவத்துப் பக்கமிருந்து அஞ்சலையின் குரல் கேட்டது. "துவான்! ஐயா! அந்தப் புள்ளைய விடுங்க!"

பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "அது வேர்க்குரு. அந்தப் புள்ளைக்கு ஒண்ணுமில்ல. ஆத்தா என் வீட்டுக்குத்தான் வந்திருக்கா. வேப்பிலைய நாந்தான் வாசல் மாத்திக் கட்டிட்டேன்."

பியூன் அதை அதிகாரிக்கு இங்கிலீஷில் சொன்னான். அவர் நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். அதற்குள் அஞ்சலை தொழுவத்தின் தட்டியைத் தானே விலக்கிக் காட்டினாள்.

உள்ளே வைக்கோலின் மேல் வாழை இலை பரப்பி வள்ளி படுத்திருந்தாள். அவளை நான் விவரிக்க மாட்டேன். பெரியம்மையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் பார்க்காமலே இருக்கட்டும். வீங்கிய இமைகளுக்கு நடுவே என்னை எப்படி அடையாளம் கண்டாளோ. "வாத்தியாரம்மா, கப்பல் போயிருச்சா?" என்றாள்.

"இன்னும் இல்லடி."

பியூன் அவளை இலையோடு தூக்கிக்கொண்டு போனான். அஞ்சலை வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினாள். பிறகு நின்றுவிட்டாள்.

அன்றே வைக்கோலை எரித்தார்கள். தொழுவத்தில் சுண்ணாம்பும் பினாயிலும் கொட்டினார்கள். மாடுகளை ஓட்டிப்போனார்கள். வரிசையில் இருந்த எல்லோருக்கும் அம்மைப்பால் குத்தினார்கள், ஞானத்துக்கும். நாங்கள் யாரும் அந்த வரிசையைவிட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவாயிற்று. எங்கள் கப்பல் எங்களை விட்டுப் போய்விட்டது.

அஞ்சலை மேல் எனக்குக் கோபம் வராமல் இல்லை. தன் வீட்டு அம்மையை என் குழந்தையின் வாசலில் கொண்டுவந்து மாட்டினாளே என்று கொதித்தது. ஆனால் அந்தக் கோபம் முழுதாக எழுவதற்குள் அவள் ஓடி வந்து நின்ற நிற்பு குறுக்கே வந்துவிடும். சாயங்காலம் அவளே வந்து எங்கள் வாசலுக்கு வெளியே உட்கார்ந்தாள்.

"என் வாசல்ல கட்டுனா பால ஆரு வாங்குவா வாத்தியாரம்மா? கட்டாம விட்டா ஆத்தா சும்மா விடுவாளா? ரெண்டு வீட்டுக்கும் ஒரே செவருதானே, இங்க கட்டுனா அவளுக்குத் தெரியாமலா போகும்னு நெனச்சேன். சர்க்கார் ஆளு வாத்தியாரு வீட்டுப் படி ஏற மாட்டான்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன் சொன்னே?"

அவள் என்னைப் பார்த்தாள். என்ன கேள்வி இது என்பதுபோலப் பார்த்தாள். "நல்லா இருக்கற புள்ளையத் தூக்கிட்டுப் போறானே" என்றாள்.

அவள் மகள் அங்கே எப்படியிருக்கிறாள் என்று விசாரிக்க அவர் பியூனிடம் சொல்லி அனுமதி வாங்கி, தினமும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய் நின்றுவிட்டு வருவார். நான் காலையில் எழுந்ததும் ஞானத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தலையிலிருந்து பாதம் வரைக்கும் பார்ப்பேன். அம்மைப்பால் குத்திய இடம் பழுத்தது. வேர்க்குரு உதிர்ந்தது. வேறொன்றும் வரவில்லை. நன்றி சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் அடுத்த வீட்டில் அவள் தனியாக இருப்பது ஞாபகம் வரும்; மெதுவாகச் சொல்வேன். மரைக்காயர் அரிசி பருப்பைத் தெருமுனையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கத்துவார்: "தங்கச்சி! பூச்சி இல்ல, நானே பாத்துட்டேன்!" அந்த நாட்களில் வேறு யாரும் எங்களைச் சிரிக்கவைக்க முயலவில்லை.

ஒரு மத்தியானம் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார். எங்கள் வீட்டுக்குள் வராமல் நேரே அஞ்சலை வீட்டு வாசலில் போய் நின்றார். எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கேயே ஆஸ்பத்திரி நிலத்தில் புதைத்துவிட்டார்களாம்.

அஞ்சலை அழவில்லை. வரிசையிலிருந்த பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தியும் மாரடிக்கவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. எனக்குப் புரியவில்லை. அஞ்சலைதான் சொன்னாள்: "ஆத்தா எடுத்துக்கிட்டா அழக் கூடாது வாத்தியாரம்மா. அழுதா அவளக் குத்தம் சொன்ன மாதிரி." சொல்லிவிட்டு முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். சாயங்காலம் வரைக்கும் எடுக்கவில்லை. அழுவதற்கு எனக்கு ஒரு தடையும் இல்லை. அவள் முன்னால் அழ முடியாமல் நானும் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த கப்பலில் எங்களை ஏற விட்டார்கள். முந்தின நாள் அஞ்சலை வந்து, "நாளைக்கு என்கிட்ட சொல்லிக்காதீக. ஆத்தா வந்த வீட்டுல சொல்லிக்கிட்டுப் போகக் கூடாது" என்றாள். காலையில் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது அவள் கதவு மூடியிருந்தது. நான் சொல்லவில்லை. சொல்லாமல் வந்தது சரிதானா என்று கப்பலில் அவரிடம் எத்தனையோ தடவை கேட்டேன். 

போன வருஷம் மரைக்காயர் நாகூர் கந்தூரிக்கு வந்தவர் எங்களையும் பார்த்துவிட்டுப் போனார். எங்கள் வரிசையை இடித்துவிட்டார்களாம். செங்கல் கட்டடங்கள் வந்துவிட்டன, ஒரு மாடிக் கட்டடத்தில் துணிக்கடை என்றார். பள்ளிக்கூடக் கொட்டகை இருந்த இடம் எது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் புதைத்த இடமெல்லாம் ஆளுயரம் லாலான் புல். அஞ்சலை எங்கே என்று கேட்டேன். அக்கரையில் ஏதோ ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போனதாகச் சிலர் சொன்னார்களாம். எந்தத் தோட்டம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "தங்கச்சி, அங்க ஆளுக தண்ணி மாதிரி. இன்னிக்கு நிக்கிறவன் நாளைக்கு இல்ல" என்றார்.

ஞானத்துக்கு இப்போது எட்டு வயது ஆகிறது. சிங்கப்பூர் என்றால் அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை, வள்ளியின் இடுப்புகூட. தனக்காக ஒருத்தி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தியது அவளுக்குத் தெரியாது. இன்னும் நான் சொல்லவில்லை. சொன்னால், "அவங்க பொண்ணு என்ன ஆச்சு?" என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்லிவிடலாம். அதற்கு அடுத்ததாக அவள் கேட்கப்போவதற்குத்தான் பயப்படுகிறேன். வண்டியில் ஏற்ற இருந்தது வள்ளியாகவும், தட்டிக்குப் பின்னால் படுத்திருந்தது ஞானமாகவும் இருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா? திறந்திருப்பேன் என்று தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன். சத்தமாக ஒரு தடவைகூட வரவில்லை.